கிளேர்வுட் பட்டறையில் ஒரு பழைய வி8 டிராக் எஞ்சின்: சேவை மதிப்பீடு

பந்தயப் பருவம் முடிந்தவுடன் எஞ்சினைக் கழற்றிப் பட்டறையில் இறக்கி வைத்துவிட்டு, "போரிங் செய்து புது பிஸ்டன் போட்டுத் தாருங்கள்", அதாவது சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்குங்கள் என்று சொல்லி வருவதுதான் டர்பனில் நம்மில் பலருடைய வழக்கம். டர்பனுக்குத் தெற்கே கிளேர்வுட்டில் இயங்கும் இந்த எஞ்சின் மெஷினிங் பட்டறை அந்த வழக்கத்துக்கு இடம் கொடுப்பதில்லை. எஞ்சின் வண்டியிலேயே இருக்கும்போது வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவரச் சொல்கிறார்கள். அளக்க வேண்டியவற்றை எல்லாம் அளந்து, கோளாறு எது, அதற்குக் காரணம் எது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் முதல் போல்ட்டைத் தளர்த்துகிறார்கள். விளம்பரம் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. கிளேர்வுட், ஜேக்கப்ஸ் பகுதிகளில் பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள்.

நான் கொண்டுபோனது ஷெவ்ரலே ஸ்மால் பிளாக் 350, அதாவது 350 கன அங்குலக் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் எஞ்சின். வார்ப்பு எண் 3970010 கொண்ட இரும்பு பிளாக். சிலிண்டர்கள் முன்பே 30 தவ் பெரிதாக்கப்பட்டிருந்ததால் இப்போது கொள்ளளவு 355 கன அங்குலம். (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறைகளில் சொல்வது போலவே இங்கும் தவ் என்று எழுதுகிறேன்.) அதன் பின்னால் இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பருவத்தின் இறுதியில் கால் மைல் நேர்க்கோட்டு ஓட்டமான டிராக் பந்தயத்தில் நேரம் கூடிக்கொண்டே வந்தது. சூடான பிறகு, வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது ஆயில் அழுத்தம் முன்பு இருந்த அளவுக்கு நிற்கவில்லை. முதலில் பார்த்த வேறொரு பட்டறையில் எதையும் அளக்காமலே பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டி, சிலிண்டர்களை 60 தவ் வரை பெரிதாக்கிப் புது பிஸ்டன்கள் போட விலை சொன்னார்கள்.

கிளேர்வுட் பட்டறையை நடத்தும் பெரியவரின் தகப்பனார் மவுண்ட் எட்ஜ்கூம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்தவர்; கையால் தடவிப் பார்த்து முடிவு சொல்லும் பழக்கம் இந்தக் குடும்பத்தில் இல்லை. "தம்பி, ரிங் போச்சா இல்லையா என்று எஞ்சினே சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு லீக்டவுன் சோதனையைத் தொடங்கினார். சூடான எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனையும் அழுத்த வீச்சின் உச்சத்தில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியே சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, அதில் எத்தனை விழுக்காடு கசிகிறது என்று இரண்டு மானிகளைக் கொண்டு பார்ப்பதே இந்தச் சோதனை. காற்று எந்த வழியாக வெளியேறுகிறது என்பதுதான் இதில் முக்கியமான தகவல். கார்புரேட்டரில் சீறினால் உள்வால்வு, புகைக்குழாயில் சீறினால் வெளிவால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் (பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) அல்லது விரிசல்.

ஆறு சிலிண்டர்களில் கசிவு 8 விழுக்காட்டுக்குள் இருந்தது. ஒரு பருவம் முழுக்க ஓடிய பந்தய எஞ்சினுக்கு இது குறையே அல்ல. மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் அது 20-ஐத் தாண்டியது. மூன்றாவதில் காற்றைச் செலுத்தியபோது ஐந்தாவதின் பிளக் துளையில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார்; சீறல் அங்கே தெளிவாகக் கேட்டது. அதாவது ரிங்குகள் நல்ல நிலையில் இருக்க, இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவே ஹெட் கேஸ்கட் எரிந்திருந்தது. இந்த எஞ்சினின் பழைய வார்ப்பு ஹெட்களில் நடுவிலுள்ள இரண்டு வெளிவால்வுகள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. இடப்பக்க ஹெட்டில் அவை மூன்றாவது, ஐந்தாவது சிலிண்டர்களுக்கு உரியவை. ஹெட்டின் மிகச் சூடான பகுதி அதுவே. அங்கே ஹெட் சற்று வளைந்துவிட்டால் முதலில் விட்டுக்கொடுப்பது கேஸ்கட்டின் அந்தக் குறுகிய பாலம்தான். பிறகு ஹெட்டைக் கழற்றி நேர்க்கோலையும் ஃபீலர் கேஜையும் வைத்துப் பார்த்தபோது வளைவு இருப்பது உறுதியாயிற்று.

ஆயில் அழுத்தம் குறைந்ததற்கு இது விடையாகாது என்பதை அவரே எடுத்துச் சொன்னார். பெரும்பாலான பட்டறைகள் ஒரு கோளாறு கிடைத்தவுடன் தேடுவதை நிறுத்திவிடும், இவர்கள் நிறுத்தவில்லை. ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து, காகித மடிப்புகளை விரித்து, காந்தத்தை ஓட்டினார்கள். காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. ஆனால் மடிப்புகளில் சாம்பல் நிறத் துகள்களும் செம்பு நிறத் துகள்களும் இருந்தன. எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க்ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்கின் மேல் பூச்சு தேய்ந்து அடியிலுள்ள செம்புக் கலவை வெளிவந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அடுத்து டயல் கேஜை வைத்து கிராங்க்ஷாஃப்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார்கள். சில தவ் மட்டுமே அசைய வேண்டிய தண்டு அதைவிட வெகுவாக அசைந்தது.

இந்தப் பட்டறைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது அதன் பிறகு நடந்த வேலைக்காகத்தான். ஸ்மால் பிளாக்கில் கிராங்க்ஷாஃப்டின் முன்பின் தள்ளலைத் தாங்குவது பின்கடைசியிலுள்ள ஐந்தாவது மெயின் பேரிங். எஞ்சினைப் பிரித்தபோது அந்தப் பேரிங்கின் பின்பக்க முகம் மட்டும் செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. முன்பக்க முகமோ புதியது போலவே இருந்தது. கிராங்க்ஷாஃப்டை எதுவோ பின்னாலிருந்து இடைவிடாமல் முன்னோக்கித் தள்ளியிருந்தால் மட்டுமே இப்படி ஒருபக்கமாகத் தேயும். பின்னால் இருப்பது, எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர். உடனே அவர் கேட்டது எஞ்சின் பாகம் எதையும் அல்ல. கியர்பாக்ஸ் கூலருக்குப் போய்வரும் குழாய்களைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். முந்தைய உரிமையாளர் காலத்தில் வளைத்துப் பொருத்தப்பட்ட திரும்பு குழாய் ஓரிடத்தில் நசுங்கி, பாதி வழி அடைபட்டிருந்தது. திரும்பும் எண்ணெய்க்கு வழி குறையும்போது கன்வர்ட்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது, அந்த அழுத்தம் கன்வர்ட்டரை உப்பச் செய்து கிராங்க்ஷாஃப்டை முன்னே தள்ளுகிறது, பேரிங் தேய்கிறது, தேய்ந்த இடைவெளியில் ஆயில் வழிந்தோடி அழுத்தம் இறங்குகிறது. புது பேரிங்கை மட்டும் போட்டு அனுப்பியிருந்தால் அதுவும் இதே வழியில் அடுத்த பருவத்திலேயே தேய்ந்திருக்கும். அறுபது தவ் போரிங்குக்கு விலை சொன்னவர்கள் இந்தக் குழாயைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

மெஷினிங் வேலையின் தரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் அது இருக்க வேண்டியபடியே இருந்தது. பிளாக், ஹெட், கிராங்க்ஷாஃப்ட் மூன்றையும் காந்தத்தூள் சோதனையில் விரிசலுக்காகப் பார்த்தார்கள். சிலிண்டர்களின் சாய்வும் நீள்வட்டமும் ஒரு தவ்வுக்குள்ளேயே இருந்ததால் பெரிதாக்காமல் ஹோனிங் (கல்லால் துளையின் சுவரை மெல்லத் தேய்த்தல்) மட்டும் செய்து, பழைய பிஸ்டன்களுக்கே புது ரிங்குகள் பொருத்தினார்கள். இதனால் எனக்கு மிஞ்சிய பணத்தைவிட, பிளாக்கின் சுவர் தடிப்பு மிஞ்சியதே பெரிய லாபம். இந்த வயதுடைய வார்ப்புகளில் ஒருமுறை வெட்டிய இரும்பு திரும்பி வராது. ஹோனிங் செய்யும்போது டார்க் பிளேட் எனப்படும் தடித்த உலோகத் தகட்டை ஹெட் இருக்கும் இடத்தில் வைத்து, ஹெட் போல்ட்டுக்குரிய 65 அடி-பவுண்டு, அதாவது சுமார் 88 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் முடுக்கிய பிறகே கல்லை இறக்கினார்கள். போல்ட்டுகள் இறுகும்போது சிலிண்டரின் வட்டம் மாறுகிறது என்பதால், இறுகிய நிலையில் வட்டமாக்கினால்தான் ஓடும்போது வட்டமாக இருக்கும். இதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள், கொடுக்கத் தகும். மேல் ரிங்கின் இடைவெளி துளையின் ஓர் அங்குலத்துக்கு 4.5 தவ் என்ற கணக்கில் 18 தவ்வாக அரம் போட்டுச் சரிசெய்யப்பட்டிருந்தது. மெயின் பேரிங் இடைவெளிகள் மைக்ரோமீட்டரில் அளக்கப்பட்டு, பிளாஸ்டிகேஜ் இழையால் மறுபடி சரிபார்க்கப்பட்டிருந்தன.

இவை எல்லாமே ஒரு தாளில் வருகின்றன. வருவதற்கு முன் இருந்த அளவு, போகும்போது உள்ள அளவு, எந்த டிகிரி வெப்பத்தில் அளந்தது என்பது வரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, கையெழுத்திட்டுக் கொடுக்கிறார்கள். பெரியவர் அதைத் தமிழில் வரிவரியாக விளக்குகிறார். அடுத்த பருவம் முடிந்து அளக்கும்போது எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்விக்கு இந்தத் தாளே பதில். கேம்ஷாஃப்ட்டின் மேடுகளில் ஏறி இறங்கி வால்வுகளைத் திறக்கும் டாப்பட்டுகள் பதினாறையும் எண்ணிட்ட தட்டில் அடுக்கித் தந்ததும் பாராட்டத் தக்கது. தட்டை டாப்பட் உள்ள எஞ்சினில் ஒவ்வொரு டாப்பட்டும் தான் பழகிய மேட்டுக்கே திரும்பப் போக வேண்டும், இடம் மாறினால் இரண்டும் அழியும். வால்வு ஸ்பிரிங்குகளைச் சோதித்துவிட்டு, தளர்ந்தவற்றோடு சேர்த்து மொத்தத்தையும் மாற்றச் சொன்னார்கள். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் இவர்களிடமிருந்து வந்தன. இரண்டும் வேறு எங்கும் எனக்குக் கிடைக்காதவை. ஒன்று, எஞ்சின் எண்ணைப் பற்றியது. ஸ்மால் பிளாக்கில் அந்த எண் வலப்பக்க ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல்முகத்திலேயே குத்தப்பட்டிருக்கிறது. மேல்முகத்தை முழுவதும் வெட்டிச் சமன்செய்தால் எண்ணும் மறைந்துவிடும். சாலைப் பதிவுத்தாள் உள்ள வண்டியானால் பிறகு காவல்துறைச் சான்றுக்கு அலைய நேரும். பிளாக்கின் மேல்முகம் நேராகவே இருப்பதை அளந்து காட்டி, ஹெட்களை மட்டும் குறைந்தபட்சம் வெட்டினார்கள். மற்றது அந்த வெட்டைப் பற்றியது. ஹெட்டை வெட்டினால் அழுத்த விகிதம் ஏறும். எரியறையின் கொள்ளளவைப் பியூரெட்டால் அளந்த பிறகு, எங்கே ஓட்டப் போகிறேன் என்று கேட்டார்கள். ஹௌட்டெங் மாகாணத்திலுள்ள டார்ல்டன் பந்தயத்தடம் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் டர்பனைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. உயரத்தில் தாங்கும் விகிதம் கடற்கரையில் அதே பெட்ரோலுக்கு வெடிதட்டலை (சிலிண்டருக்குள் பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடிப்பதை) உண்டாக்கலாம். நான் இரண்டு இடத்திலும் ஓட்டுவதால் கடற்கரைக்குப் பாதுகாப்பான விகிதத்தில் நிறுத்தி, மலைக்குப் போகும்போது பெட்ரோல் வரும் துளையான கார்புரேட்டர் ஜெட்டைச் சிறிதாக்கும்படி சொன்னார்கள்.

குறைகளும் உண்டு. கிராங்க்ஷாஃப்ட் பேலன்சிங் இவர்களிடம் இல்லை; வெளியே அனுப்புகிறார்கள். அங்கே ஏற்பட்ட தாமதத்துக்கு இவர்களிடம் கேட்டால் சரியான பதில் கிடைப்பதில்லை. தொலைபேசியில் விசாரிப்பவர்களுக்கு முன்மேசையில் ஒருவரும் நிலையாக இல்லை. முதலில் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் 15 விழுக்காடு வாட் சேர்க்கப்படாமல் இருந்தது. அதை முதலிலேயே தெளிவாக எழுதியிருக்க வேண்டும். பிளாக்குக்கு என்னைக் கேட்காமலே ஆரஞ்சு வண்ணம் அடித்துவிட்டார்கள். வண்ணம் நேர்த்தியாகவே இருக்கிறது. ஆனால் பழைய எஞ்சினில் வெறும் இரும்பைப் பார்க்க விரும்புகிறவர்களும் உண்டு, வார்ப்புக் குறிகள் வண்ணத்துக்குள் மங்கிவிடுகின்றன. இவற்றில் எதுவும் எஞ்சினின் நலத்தைத் தொடவில்லை என்றாலும், இவ்வளவு கவனமாக அளக்கும் ஒரு பட்டறை வாடிக்கையாளரோடு பேசுவதிலும் அதே கவனத்தைக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

வேகமாக முடித்துத் தர வேண்டும் என்பவர்களுக்கும், பாகங்களை மட்டும் கொண்டுவந்து இதை வெட்டு, அதைத் துளை என்று சொல்பவர்களுக்கும் இந்த இடம் ஒத்துவராது. பழைய அமெரிக்க வி8, பழைய டாட்சன், ஃபோர்டு போன்ற எஞ்சின்களைப் பருவத்துக்குப் பருவம் காப்பாற்றி ஓட்ட நினைப்பவர்கள் தயங்காமல் போகலாம். டிசம்பர் நடுவில் மூடினால் ஜனவரி இரண்டாம் வாரம்தான் திறக்கிறார்கள். தைப்பூசக் காவடிக்குப் பெரியவர் விரதம் இருக்கும் நாட்களில் மெஷின் வேலை மெதுவாகவே நடக்கும். ஆகவே கடைசி ஓட்டம் முடிந்த கையோடு, அக்டோபரிலோ நவம்பரிலோ முன்பதிவு செய்வது நல்லது. போகும்போது எஞ்சினைக் கழற்ற வேண்டாம், ஆயிலை வடிக்க வேண்டாம், பழைய ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்ற வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் கூலர் குழாய்களை வண்டியிலேயே விட்டு வைத்து, அவற்றையும் பார்க்கும்படி முதல் நாளே கேளுங்கள்.