எஃப்சிங்க் ஒரே ஒரு தடவைதான் உண்மை சொல்லும்

டிஸ்க்கில் நேரடியாகப் படித்து எழுதுகிற நிரல் ஒன்றை ஆரம்பிக்கப் போவதாக நண்பர் ஒருவர் சொன்னார். லினக்ஸில் எந்த ஃபங்ஷன்களை நம்பலாம், எந்த லைப்ரரியை எடுக்கலாம் என்று கேட்டார். அவர் கேட்ட நேரத்தில்தான் எங்கள் சர்வர் ஒன்றில் பழுதான டிஸ்க்கை மாற்றி, கெட்டுப்போன தரவை மீட்டு முடித்திருந்தோம். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. ஆகவே இது நிதானமான ஒப்பீடு கிடையாது. பல வருடங்களாக இந்த ஃபங்ஷன்களோடு குடித்தனம் நடத்துகிறவனின் அனுபவம், அவ்வளவுதான். ஃபைலைத் திறக்கும் ஓப்பன், படிக்கும் ரீட், எழுதும் ரைட், படிக்கும் இடத்தை நகர்த்தும் எல்சீக் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். தலைப்பில் இருக்கும் எஃப்சிங்க், எழுதியதை உண்மையிலேயே டிஸ்க்கில் இறக்கச் சொல்லும் ஃபங்ஷன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடக் கூடாது. பி-ரீட், பி-ரைட் இரண்டும் தங்கமானவை. எல்சீக் செய்துவிட்டு ரீட் செய்தால் அது இரண்டு படி. நடுவில் அதே நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு திரெட் புகுந்து, திறந்த ஃபைலைக் குறிக்கும் அதே டிஸ்கிரிப்டரின் இடத்தை நகர்த்திவிட்டால் வேறு எங்கோ இருந்து படிப்பீர்கள். பி-ரீட் எந்த இடத்திலிருந்து என்பதையும் கூடவே வாங்கிக்கொள்கிறது. பொது இடக்குறியைத் தொடுவதே இல்லை, அதற்கென்று பூட்டும் தேவையில்லை. இத்தனை வருடத்தில் இந்த இரண்டும் என்னை ஏமாற்றியது இல்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கேட்ட அளவு முழுவதையும் ஒரே அழைப்பில் எழுதித் தரும் என்ற உறுதி கிடையாது. 64 பிட் இயந்திரத்திலும் லினக்ஸ் ஒரு அழைப்புக்கு அதிகபட்சம் 2,147,479,552 பைட்தான் நகர்த்தும். மிச்சத்தைச் சுற்று போட்டு நாம்தான் முடிக்க வேண்டும்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு. ஓ_எக்ஸ்எல் என்ற கொடியை, இல்லாத ஃபைலைப் புதிதாக உருவாக்க ஓ_கிரியேட்டோடு சேர்த்துத்தான் பெரும்பாலோர் போடுகிறார்கள். ஆனால் பிளாக் டிவைஸை, அதாவது டிஸ்க்கையே நேரடியாக, திறக்கும்போது ஓ_கிரியேட் இல்லாமல் இதை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். அந்த டிஸ்க் எங்காவது மவுன்ட் ஆகியிருந்தால், அதாவது ஃபைல் சிஸ்டமாக ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்தால், ஓப்பன் அங்கேயே ஈ-பிஸி என்ற பிழையைச் சொல்லி நின்றுவிடும். மவுன்ட் ஆன டிஸ்க்கின் மேல் கண்மூடித்தனமாக எழுதுவது எவ்வளவு பெரிய நாசம் என்று இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை ஒரு கொடி தடுத்துவிடுகிறது. எங்கள் நிரல்களில் டிவைஸைத் திறக்கும் இடத்திலெல்லாம் இது இருக்கிறது. கூடவே, லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வரிசையாக வைக்கும் எஸ்டிபி, எஸ்டிசி மாதிரிப் பெயர்களை நம்பாமல், டிஸ்க்கின் சொந்த அடையாளத்தைத் தாங்கிய, பை-ஐடி அடைவில் உள்ள பெயரால் திறப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ரீபூட்டுக்குப் பிறகு எஸ்டிபி வேறொரு டிஸ்க்காக எழுந்து நிற்கலாம்.

சரி, இப்போது எஃப்சிங்க்.

ரைட் வெற்றி என்று திரும்பியதும் தரவு டிஸ்க்குக்குப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது இயங்குதளத்தின் மையமான கர்னலின் பேஜ் கேஷில், வெறும் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கிறது. அழுக்கான பக்கம், அதாவது இன்னும் டிஸ்க்குக்குப் போகாத நினைவகத் துண்டு, சுமார் 30 விநாடி பழையதானால் கர்னல் அதைப் பின்னணியில் கீழே தள்ளும். இது இயல்பான அமைப்பு, மாற்றிக்கொள்ளலாம். அப்படித் தள்ளும்போது டிஸ்க் மறுத்துவிட்டால் என்ன ஆகும்? ரைட் எப்போதோ திரும்பிப் போய்விட்டது, அதனிடம் இனி கேட்க முடியாது. ஃபைலை மூடும் குளோஸும் உத்தரவாதம் தராது. நடந்ததை நிரலிடம் சொல்லும் பொறுப்பு எஃப்சிங்க் ஒன்றின் தலையில்தான் விழுகிறது.

அதுவும் ஒரே ஒரு தடவைதான் சொல்லும். என் தீராத எரிச்சல் இங்கேதான்.

நாங்கள் மாற்றிய டிஸ்க்கில் நடந்ததைப் பாருங்கள். வேறு குழு எழுதி எங்கள் கைக்கு வந்த பழைய காப்பு நிரல் அது. ஒழுங்காகவே எழுதியிருந்தார்கள். எஃப்சிங்க்கின் பதிலைப் பார்க்கிறது, தோற்றால் ஒரு விநாடி பொறுத்து மறுபடி கூப்பிடுகிறது. யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள், நெட்வொர்க் நிரலில் அதுதானே நல்ல பழக்கம். பதிவேட்டில் இரண்டே வரி. முதல் வரியில் ஈ-ஐஓ, உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை. அடுத்த விநாடியின் வரியில் வெற்றி. அதே நேரத்தில் கர்னலின் பதிவேட்டில் "லாஸ்ட் அசிங்க் பேஜ் ரைட்" என்று வரிசையாக வந்து நிற்கிறது. ஒரு பக்கம் தரவு தொலைந்தது என்று கர்னல் தனக்குத்தானே எழுதி வைக்கிறது. இன்னொரு பக்கம், கேட்கிற நிரலுக்கு எல்லாம் சரி என்று பதில் சொல்கிறது.

காரணம் இதுதான். லினக்ஸின் ஃபைல் சிஸ்டங்களான ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டிலும், எழுதத் தோற்ற பக்கத்தைச் சுத்தமானது என்று குறித்துவிடுகிறார்கள். பிழை எஃப்சிங்க் வழியாக ஒருமுறை வெளியே சொல்லப்படும், அதோடு கணக்கு முடிந்தது. இரண்டாவது எஃப்சிங்க் வரும்போது தள்ளுவதற்கு அழுக்கான பக்கமே இல்லை. ஆகவே பூச்சியம் திரும்புகிறது, அதாவது வெற்றி.

இதைவிடக் கொடுமை, அந்த நிரல் எழுதியதைத் திரும்பப் படித்து, தரவு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் செக்சம் எண்ணையும் சரிபார்த்திருக்கிறது. பொருந்திவிட்டது! படித்தது டிஸ்க்கிலிருந்து இல்லை, நினைவகத்தில் இன்னும் இருந்த அதே பக்கத்திலிருந்து. ரீபூட் செய்த பிறகுதான் அந்த பிளாக்குகளில் பழைய சரக்கு அப்படியே இருப்பது தெரிந்தது. பதிலைச் சோதித்த நிரல், மறுமுயற்சி செய்த நிரல், எழுதியதைப் படித்துப் பார்த்த நிரல். இத்தனையும் செய்தும் தரவு போச்சு என்றால் நிரலாளர் வேறு என்னதான் செய்வார்?

நியாயமாகப் பேச வேண்டுமானால் கர்னல்காரர்கள் பக்கத்துக் காரணத்தையும் சொல்ல வேண்டும். யுஎஸ்பி டிஸ்க் ஒன்றில் எழுதிக்கொண்டிருக்கும்போது யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று வையுங்கள். அந்தப் பக்கங்களை இனி எங்கும் எழுத முடியாது. அழுக்கானவை என்றே வைத்திருந்தால் அவற்றை விடுவிக்க வழியில்லை, நினைவகம் நிரம்பி முழு இயந்திரமும் முட்டிக்கொண்டு நிற்கும். இது உண்மையான சிக்கல், மறுக்க மாட்டேன். ஆனால் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம் அந்தப் பக்கங்களை அழுக்கானவை என்றே வைத்துக்கொண்டு மறுபடி முயல்கிறது. ஆக வேறு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது.

எங்களுக்கு மட்டும் வந்த பிரச்சினையும் இல்லை இது. 2018-இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளக்காரர்கள் இதே சுவரில்தான் முட்டினார்கள். அங்கே ஒரு புராசஸ் (ஓடும் நிரல்) எழுதிவிட்டுப் போகும், எழுதியதையெல்லாம் டிஸ்க்கில் இறக்கும் செக்பாயின்ட் நேரத்தில் வேறொரு புராசஸ் வந்து எஃப்சிங்க் செய்யும். கர்னல் 4.13-க்கு முன்பு முதலில் கேட்பவருக்குப் பிழை போய்ச் சேரும், மற்றவர்களுக்கு மூச்சு விடாது. 4.13-இல் இதைத் திருத்தி, பிழை நடந்தபோது ஃபைலைத் திறந்து வைத்திருந்த ஒவ்வொரு டிஸ்கிரிப்டருக்கும் ஒருமுறை சொல்லும்படி செய்தார்கள். முன்னேற்றம்தான். ஆனால் அந்த "ஒருமுறை" மட்டும் மாறவில்லை. கடைசியில் 2019 பிப்ரவரியில் வந்த 11.2 பதிப்பிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் மறுமுயற்சி செய்யாது. தானே பானிக் ஆகி நின்று, மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் தன் பதிவேட்டிலிருந்து மறுபடி கட்டிக்கொண்டு எழும். எவ்வளவோ அனுபவமுள்ள ஒரு தரவுத்தளம், ஒரு ஃபங்ஷனின் இரண்டாவது பதிலை நம்ப முடியாமல் விழுந்து எழுவதே மேல் என்று முடிவெடுத்திருக்கிறது.

ஆகவே நண்பருக்கும், இந்த வழியில் வரும் யாருக்கும் சொல்வது: எஃப்சிங்க் வெற்றி என்று சொல்லும்வரை தரவின் சொந்தப் பிரதியைக் கையில் வைத்திருங்கள். தோற்றால் எஃப்சிங்க்கை மட்டும் மறுபடி கூப்பிடுவதில் பயனில்லை. அந்தப் பிரதியை எடுத்து மறுபடி ரைட் செய்து பக்கத்தை மறுபடி அழுக்காக்க வேண்டும். முடிந்தால் வேறு டிஸ்க்குக்கு எழுதுங்கள். சரிபார்க்கப் படிப்பதானால் பேஜ் கேஷைத் தாண்டிப் படியுங்கள். எங்கள் காப்பு நிரலில் அந்த மறுமுயற்சிச் சுற்றைத் தூக்கிவிட்டு இதைத்தான் வைத்திருக்கிறோம்.

எஃப்சிங்க்கின் மற்ற குணங்களையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக உருவாக்கிய ஃபைலுக்கு எஃப்சிங்க் செய்தால் மட்டும் போதாது, அது இருக்கும் அடைவைத் திறந்து அதற்கும் ஒரு எஃப்சிங்க் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மின்சாரம் போய் வந்த பிறகு தரவு இருக்கலாம், ஆனால் அதற்குப் போகப் பெயர் இல்லாமல் போகலாம். தற்காலிக ஃபைலில் எழுதி ரீநேம் செய்கிறவர்களுக்கும் இதே கதைதான். மேக்கில் எஃப்சிங்க் தரவை டிஸ்க்கின் வாசல்வரை கொண்டுபோய் விடுவதோடு சரி. டிஸ்க்குக்குள் இருக்கும் கேஷிலிருந்தும் இறக்கச் சொல்ல, எஃப்கன்ட்ரோல் அழைப்பில் எஃப்_ஃபுல்எஃப்சிங்க் என்று தனியாகக் கேட்க வேண்டும். ஒரே பெயர், இரண்டு இயங்குதளத்தில் இரண்டு வாக்குறுதி. எஃப்சிங்க்கின் இலகுவான தம்பி எஃப்டேட்டாசிங்க் மட்டும் கொஞ்சம் ஆறுதல் தரும். மாற்றிய நேரம் போன்ற விவரங்களுக்காகக் காத்திருக்காது, ஆனால் ஃபைலின் அளவு மாறியிருந்தால் அதையும் சேர்த்தே இறக்கும். ஒரே அளவில் முன்கூட்டியே ஒதுக்கி வைத்த ஃபைலில் எழுதுகிறவர்களுக்கு வேகம் நன்றாகவே கிடைக்கும்.

பேஜ் கேஷே வேண்டாம் என்று, அதைத் தாண்டி நேராக டிஸ்க்கோடு பேச வைக்கும் ஓ_டைரக்ட் கொடி பக்கம் போகிறவர்கள் பலர், நானும் போயிருக்கிறேன். வேலை செய்ய ஆரம்பித்துவிட்டால் அருமைதான். அதற்கு முன்னால் ஈ-இன்வால் (தவறான உள்ளீடு என்ற பிழை) என்ற சுவர் இருக்கிறது. தரவு இருக்கும் நினைவகப் பகுதியான பஃபரின் முகவரி, எழுதும் அளவு, எழுதும் இடம், மூன்றும் சாதனத்தின் பிளாக் அளவுக்குச் சரியாக அடங்கி நிற்க வேண்டும். எது பிசகினாலும் வருவது ஒரே ஈ-இன்வால். எது என்று சொல்லாது. 512 பைட்டுக்கு ஒழுங்காக ஓடிய நிரல், 4096 பைட் செக்டர் கொண்ட டிஸ்க்கில் போட்டதும் கையை விரித்துவிடும். நல்ல வேளையாக கர்னல் 6.1-இலிருந்து ஸ்டேட்எக்ஸ் அழைப்பில் இந்த அளவுகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதற்கு முந்தைய கர்னல்களில் ஐஓ-கன்ட்ரோல் வழியாகச் செக்டர் அளவைக் கேட்டு நாமே கணித்துக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்று, ஓ_டைரக்ட் போட்டுவிட்டால் எஃப்சிங்க் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். டிஸ்க்கின் உள் கேஷ் அங்கேயேதான் இருக்கிறது.

ஃபைலை நினைவகம் மாதிரியே கையாள விடும் எம்மேப் பற்றி ஒரே வரி: படிப்பதற்கு இனிமை, ஆனால் பிழை வந்தால் திருப்பு மதிப்பாக வராது, சிக்பஸ் சிக்னலாக வந்து நிரலையே சாய்த்துவிடும். எஸ்பிடிகே மாதிரி, என்விஎம்இ எனப்படும் வேகமான டிஸ்க்கைக் கர்னலிடமிருந்து பிடுங்கி நிரலின் கையிலேயே கொடுத்துவிடும் லைப்ரரிகள் வேறு உலகம். அந்த வேகம் தேவைப்படுகிறவர்களுக்கு அது தேவை என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

கடைசியாக, வேலைகளைக் காத்திருக்காமல் கர்னலிடம் கொடுக்க வழி செய்யும் ஐஓ_யூரிங். ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதி, 2019-இல் 5.1 கர்னலில் வந்தது. லிப்யூரிங் லைப்ரரியோடு பயன்படுத்தினால் இந்தத் துறையில் நான் பார்த்ததிலேயே அழகான அமைப்பு இதுதான். வேலைகளைப் போட ஒரு வளையம், முடிந்தவற்றை எடுக்க ஒரு வளையம், இரண்டும் நிரலும் கர்னலும் பகிர்ந்துகொள்ளும் நினைவகத்தில். இதே வேலைக்கு முன்னால் இருந்த லிப்ஏஐஓ லைப்ரரி நடைமுறையில் ஓ_டைரக்டோடுதான் உருப்படியாக ஓடும், அப்போதும் வேலையைச் சமர்ப்பிக்கும் இடத்திலேயே சில நேரம் முடங்கி நிற்கும். ஐஓ_யூரிங்கில் சாதாரண ஃபைலுக்கும் காத்திருக்காமல் வேலை கொடுக்கலாம். ரைட்டையும் அதன் பின்னால் எஃப்சிங்க்கையும் சங்கிலியாகக் கோத்து ஒன்றாகவே அனுப்பலாம். ரைட் பாதியில் நின்றால் சங்கிலி அறுந்து எஃப்சிங்க் ரத்தாகிவிடும், அதுவும் பதிலில் தெளிவாக வரும். படிக்கப் படிக்க, எழுத எழுத மனசு நிறைகிறது.

ஆனாலும் நண்பருக்கு இதைச் சொல்ல மாட்டேன். சில திரெட், பி-ரைட், எஃப்டேட்டாசிங்க், இவற்றோடு ஆரம்பியுங்கள் என்றுதான் சொல்வேன். ஐஓ_யூரிங் எவ்வளவு அழகாக வேலையை அனுப்பினாலும், சங்கிலியின் கடைசியில் நிற்பது அதே எஃப்சிங்க். பிழையை ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துபோகிற அதே ஆள். அந்த இடத்தில் என்ன செய்வது என்று எளிய நிரலில் முதலில் தீர்த்துவிடுங்கள். அது தீராத வரை வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பாதுகாப்புக் காரணத்துக்காகச் நிரல்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் சில கன்டெய்னர் அமைப்புகளில் ஐஓ_யூரிங்கை முடக்கி வைத்திருக்கிறார்கள் என்பது இன்னொரு தலைவலி.

மொத்தத்தில் லினக்ஸின் இந்த டிஸ்க் ஃபங்ஷன்களுக்கு 5-க்கு 2 தருவேன். பி-ரீட், பி-ரைட்டுக்கு மட்டும் தனியாகக் கேட்டால் 5 தருவேன், அந்த ஓ_எக்ஸ்எல்லுக்கு முழு மனசோடு இன்னொரு 5. ஆனால் சேமிப்புக்கான ஃபங்ஷன்களை நான் மதிப்பிடுவது சேமித்ததா இல்லையா என்ற கேள்விக்குக் கிடைக்கிற பதிலை வைத்துத்தான். எஃப்சிங்க் திருப்பும் அந்த ஒற்றை எண்ணோடு, எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை தரவு போகவில்லை என்பதையும் சொல்லட்டும், எழுதிச் சரிசெய்யும்வரை அதை மறக்காமலும் இருக்கட்டும். அது வந்தால் இந்த மதிப்பெண்ணை அன்றைக்கே மாற்றிவிடுவேன்.