வாய்வழி மருந்தா, பின்புறத் தோட்டாவா?

சத்தியமங்கலம், அந்தியூர் மலையோரங்களில் நாட்டுத் துப்பாக்கி எனப்படுவது, குழலின் வாய்வழியே கருமருந்தையும் ஈயக்குண்டுகளையும் இட்டு, நீண்ட கம்பியால் இடித்து இறுக்க வேண்டிய வகை; தீரன் சின்னமலை காலத்துப் போர்களில் புழங்கியதும் இவ்வகையே. பின்புறம் திறந்து தோட்டா இடும் துப்பாக்கியோ, படுத்த நிலையிலேயே மீண்டும் நிரப்ப இடமளிக்கிறது. 1866-இல் பிரஷ்யப் படை ஆஸ்திரியாவை வென்றதில் இதற்குப் பெரும் பங்குண்டு. தொடக்கத்தில் பின்புற இடுக்கு வழியே வாயு கசிந்து சுடுபவருக்குத் தொல்லை தந்தது; வெடிக்கும் கணத்தில் பித்தளை உறை விரிந்து இடுக்கை அடைக்குமாறு தோட்டா அமைந்த பிறகே அக்குறை தீர்ந்தது. என் பார்வையில், வேகத்தைவிட இந்த உறையே பெரிய முன்னேற்றம்; மழையில் மருந்து நனைவதும் இதனால் வெகுவாகக் குறைந்தது. நாட்டுத் துப்பாக்கிக்கு எஞ்சியுள்ள அனுகூலம் அதன் எளிய அமைப்பே; உரிமம் என்னவோ இரண்டுக்கும் வேண்டும்.