டிஃபெண்டரின் ‘வேண்டாத செயலி’ தடுப்பு: ஆன் செய்தே வையுங்கள்

விண்டோஸோடு சேர்ந்தே வருகிற டிஃபெண்டர் ஆன்டிவைரஸில் ஒரு தனி வசதி இருக்கிறது. வைரஸ் என்று சொல்ல முடியாத, ஆனால் ஆட்வேர் என்கிற விளம்பர மென்பொருள், பிரவுசரில் ஒட்டிக்கொள்கிற டூல்பார் மாதிரி நாம் கேட்காத சாமான்களைக் கூட்டிக்கொண்டு வருகிற புரோகிராம்களைத் தடுப்பது அதன் வேலை. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் பகுதிக்குள் போனால், ரெப்யூட்டேஷன் என்று தொடங்கும் தலைப்புக்குள் இருக்கும். முன்பெல்லாம் இதை இயக்க, பவர்ஷெல் என்கிற கட்டளைத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும். 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்பில்தான் எல்லோர் கைக்கும் எட்டுகிற சுவிட்சாக வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைத் தானாகவே ஆன் செய்யத் தொடங்கியது.

இதைப் பற்றி எப்போதும் வருகிற புகார் ஒன்றுதான்: “அந்த ஆட்வேர் கட்டாயம் இல்லையே, இன்ஸ்டால் திரையில் டிக்கை எடுத்துவிட்டால் வராதே, நல்ல புரோகிராமைப் போய் ஏன் தடுக்கிறது?” கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் தடுப்பதுதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏனென்றால் அந்த டிக் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஏற்கெனவே போட்டே இருக்கும். இல்லையென்றால் ‘எக்ஸ்பிரஸ், பரிந்துரைக்கப்படுகிறது’ என்று ஒரு வழியும், மங்கலான எழுத்தில் ‘கஸ்டம், அனுபவசாலிகளுக்கு’ என்று இன்னொரு வழியும் இருக்கும், டிக் இரண்டாவதற்குள் ஒளிந்திருக்கும். இன்னும் மோசமானது உரிம ஒப்பந்தம் மாதிரியே தோற்றமளிக்கிற ஒரு பக்கம்: கீழே அக்செப்ட், டிக்ளைன் என்று இரண்டு பொத்தான்கள், டிக்ளைனை அழுத்தினால் நமக்கு வேண்டிய புரோகிராமே வராமல் போய்விடுமோ என்று நினைக்க வைக்கிற அமைப்பு. இந்தத் திரையை வடிவமைப்பவருக்கு, நாம் கவனிக்காமல் கடந்து போனால்தான் காசு. கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இப்படி ஒரு இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று பணம் கைமாறுகிற சந்தையை ஓர் ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தது. ஓர் இன்ஸ்டாலுக்கு 10 சென்டிலிருந்து ஒன்றரை டாலர் வரை விலை. அந்தச் சமயத்தில் ஆபத்தான தளங்களையும் டவுன்லோட்களையும் பற்றி எச்சரிக்கிற கூகுளின் சேஃப் பிரவுசிங் வசதி இந்த மாதிரி வேண்டாத மென்பொருள்களுக்காக வாரத்துக்கு 6 கோடிக்கும் மேல் எச்சரிக்கை காட்டிக்கொண்டிருந்தது, மால்வேருக்குக் காட்டியதைப் போல மூன்று மடங்கு. விருப்பப்பட்டு இத்தனை பேர் டூல்பார் வாங்கிக்கொண்டார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் இருக்கிறது, இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. கூட வரும் ஆட்வேர் பல நேரங்களில் இன்ஸ்டாலர் கோப்புக்குள்ளேயே இருக்காது. இன்ஸ்டாலர் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு சர்வரைக் கேட்கும், நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள், கணினியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து அங்கிருந்து ஓர் ‘ஆஃபர்’ வரும். இன்று ஒரு நல்ல பிரவுசர் வரலாம், அடுத்த மாதம் அதே கோப்பு உங்கள் தேடுபொறியை மாற்றுகிற எதையாவது கொண்டுவரலாம். பரிசோதனைக்கான மெய்நிகர் கணினியில் ஓடுகிறோமா என்று பார்த்துவிட்டு நல்லபிள்ளையாக நடந்துகொள்கிறவையும் உண்டு. ஆகவே உள்ளே வரப்போகிற பொருளை மட்டும் சோதித்தால் போதும் என்கிற வாதம் நிற்காது. கதவைத் திறந்து வைக்கிற இன்ஸ்டாலரைத்தான் பிடிக்க வேண்டும், டிஃபெண்டர் அதைத்தான் செய்கிறது.

கணினியில் சேரும் குப்பைக் கோப்புகளை நீக்குகிற சிசிகிளீனர் என்ற புரோகிராமின் விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். 2020 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அதன் சில இலவச, சோதனைப் பதிப்பு இன்ஸ்டாலர்களை ‘வேண்டாத செயலி’ பட்டியலில் போட்டது. கூட வந்தவை கூகுள் குரோம், கூகுள் டூல்பார், அவாஸ்ட், ஏவிஜி என்ற இரண்டு ஆன்டிவைரஸ்கள். எதுவுமே கெட்ட மென்பொருள் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் வழி இருந்தது. மைக்ரோசாஃப்டே இரண்டையும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் கவனிக்காமல் எளிதாக இன்ஸ்டால் ஆகிவிடும் என்பதால்தான் எச்சரிக்கை போட்டோம் என்றது. அப்போது நிறையப் பேர் கோபப்பட்டார்கள். எனக்கு அந்த முடிவு ரொம்பவே பிடித்திருந்தது, ஏனென்றால் இங்கே கேள்வி கூட வருகிறவர் நல்லவரா கெட்டவரா என்பது இல்லை, நான் கூப்பிட்டேனா என்பதுதான். ஒரு கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றோடொன்று மல்லுக்கட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்கு, ‘நல்ல மென்பொருள்தானே’ என்கிற சமாதானம் போதாது.

புரோகிராமை எழுதியவருக்கே தெரியாமல் சுற்றப்படுகிற கதை தனி. என்மேப் என்ற நெட்வொர்க் கருவியை டவுன்லோட்.காம் என்ற தளம் தன் சொந்த இன்ஸ்டாலரில் சுற்றி, டூல்பாரோடு கொடுத்ததை 2011 டிசம்பரில் அதை எழுதியவரே வெளியே கொண்டுவந்தார். 2015-இல் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற டவுன்லோட் தளம், ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்தக் கருவிக்கு இதையே செய்தது. அடுத்த ஆண்டு உரிமையாளர் மாறியதும் அந்த ஏற்பாட்டை நிறுத்தினார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஆன்டிவைரஸ் வாய்மூடி இருந்தால், கெட்டுப்போவது உண்மையாக உழைத்து எழுதியவரின் பெயர்தான்.

சரி, இந்த வசதி எப்படி இருக்கிறது? ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

பெரிய குறை, எச்சரிக்கை எதையும் விளக்குவதில்லை. பியூஏ (வேண்டாத செயலி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), வின்32, அப்புறம் ஒரு பெயர், அவ்வளவுதான் கண்ணில் படும். இந்த இன்ஸ்டாலர் கூட எதைக் கொண்டுவருகிறது, அது கணினியில் எதை மாற்றும், வேண்டாம் என்று சொல்லும் வழி எந்தத் திரையில் இருக்கிறது என்று இரண்டு வரி எழுதினால் போதும், பாதிப் புகார்கள் அடங்கிவிடும். இப்போது இருக்கிற நிலையில், கணினி பற்றி அதிகம் தெரியாதவர் வைரஸ் என்று நினைத்துப் பயப்படுகிறார். தெரிந்தவரோ ‘இது சும்மா கத்துகிறது’ என்று எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுக்கப் பழகிவிடுகிறார், அதுதான் எனக்கு அதிக கவலை.

இன்னொன்று, அந்த சுவிட்சுக்குக் கீழே ‘பிளாக் ஆப்ஸ்’, ‘பிளாக் டவுன்லோட்ஸ்’ என்று இரண்டு டிக் இருக்கும். ‘பிளாக் டவுன்லோட்ஸ்’ எட்ஜ் பிரவுசருக்கு மட்டும்தான். மற்ற பிரவுசர் வைத்திருப்பவர்களுக்கு, கோப்பு வந்து சேர்ந்த பிறகு ‘பிளாக் ஆப்ஸ்’ பார்த்துக்கொள்ளும். அதனால் இரண்டு டிக்கும் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈசெட் ஆன்டிவைரஸ் இந்த விஷயத்தில் இன்னும் நேர்மையாக நடக்கிறது: இன்ஸ்டால் செய்யும்போதே ‘வேண்டாத செயலிகளைக் கண்டுபிடிக்கவா வேண்டாமா’ என்று கேட்கிறது, நாம் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். மற்றவர்களும் இதைப் பின்பற்றலாம். ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்டதை வெளியேற்ற மால்வேர்பைட்ஸின் ஆட்வ்கிளீனர் கையடக்கமான கருவி, இன்ஸ்டால் கூடச் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் இந்தத் துறை மீது எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. ஆன்டிவைரஸ் நிறுவனங்களே இந்தச் சந்தையில் காசு கொடுத்து ஏறியவைதான். ஃபிளாஷ் பிளேயர் டவுன்லோட் பக்கத்தில் மெக்காஃபியின் ஸ்கேன் கருவி டிக் போட்டபடியே உட்கார்ந்திருந்த காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எதைத் தடுப்போம், எதை விடுவோம் என்கிற விதிகள் பொதுவில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்பது இதனால்தான். 2009-இல் ஜாங்கோ என்ற ஆட்வேர் நிறுவனம் காஸ்பர்ஸ்கி மேல் போட்ட வழக்கில், தடுக்கிற உரிமைக்கு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரிய பாதுகாப்பு கொடுத்தது. 2019-இல் எனிக்மா, மால்வேர்பைட்ஸ் என்ற இரண்டு போட்டி பாதுகாப்பு மென்பொருள் நிறுவனங்களுக்கிடையே நடந்த வழக்கில் அதே நீதிமன்றம், போட்டியாளரை ஒழிப்பதற்காகத் தடுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது என்றது. இரண்டுமே எனக்குச் சரியாகப் படுகிறது. மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமாக பிரவுசரும் தேடுபொறியும் இருக்கின்றன என்பதால், அடுத்தவர் பண்டிலுக்கு (புரோகிராமோடு வேறு மென்பொருளையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பதற்கு) வைக்கிற அளவுகோலை அது தன் பொருள்களுக்கும் வைக்க வேண்டும்.

இலவசமாக மென்பொருள் கொடுக்கிற சின்ன டெவலப்பர் எப்படிப் பிழைப்பார் என்று கேட்பவர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது. பண்டில் இல்லாத சுத்தமான இன்ஸ்டாலர் ஒன்றையும் பக்கத்திலேயே வைக்கட்டும், எச்சரிக்கை பண்டிலுக்கு மட்டும் விழும், புரோகிராமுக்கு விழாது. நன்கொடை கேட்கலாம், கட்டணப் பதிப்பு விற்கலாம். தூக்கக் கலக்கத்தில் ‘நெக்ஸ்ட்’ அழுத்துகிறவரிடமிருந்து ஒன்றரை டாலர் சம்பாதிப்பதை வருமானம் என்று நான் ஏற்க மாட்டேன்.

உங்களுக்கு வேண்டிய புரோகிராம் ஒன்றை டிஃபெண்டர் தடுத்துவிட்டால், உடனே மொத்த வசதியையும் அணைத்துவிடாதீர்கள். முதலில் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் போர்ட்டபிள் அல்லது ஜிப் பதிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள், பெரும்பாலும் அதில் பண்டில் இருக்காது. அதுவும் இல்லை, வேறு வழியே இல்லை என்றால் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் இருக்கிற புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் அந்த ஒன்றுக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு, இன்ஸ்டால் செய்யும்போது ஒவ்வொரு திரையையும் கடைசி வரி வரை படியுங்கள்.