பர்டூ பல்கலைக்கழகத்தின் இலவச பாராபிரேஸ் பாடம்: என் மதிப்பீடு

ஆய்வேடு எழுதுகிற பிள்ளைகள் யாராவது பாராபிரேஸ், அதாவது பிறர் எழுதியதைச் சொந்த வார்த்தையில் திருப்பி எழுதுவது, எப்படி என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் நடத்தும் ஆன்லைன் ரைட்டிங் லேப் என்ற எழுத்துப் பயிற்சித் தளத்தைத்தான். காசு கிடையாது. பாராபிரேஸுக்கான பகுதி சின்னதுதான், டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். கைக்குப் பழக்கம் வரத்தான் நாளாகும்.

ஆறு படிகள் சொல்கிறார்கள். முழுதாகப் புரியும்வரை மூலத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு, சொந்த வார்த்தையில் ஓர் அட்டையில் எழுத வேண்டும். அதை எங்கே பயன்படுத்தப் போகிறோம் என்று கீழே குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மூலத்தோடு ஒப்பிட்டு, அப்படியே எடுத்த சொற்களுக்கு மேற்கோள் குறி போட்டு, எங்கிருந்து எடுத்தது என்பதையும் அட்டையிலேயே எழுதிவிட வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவது படிதான் உயிர். மூலம் கண்ணெதிரே திறந்திருக்கும்வரை கை அதே வாக்கியத்தைத்தான் எழுதும், நடுவில் நாலு சொல் மட்டும் மாறும்.

நான் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். அதனால் அந்த அட்டையைத் தமிழிலேயே எழுதுகிறேன். என் ஆய்வு சென்னையின் மழைநீர் சேகரிப்பு பற்றியது. ஓர் ஆங்கிலக் கட்டுரையில் ஒரு பக்கத்துக்கு நீண்ட விஷயம் என் அட்டையில் இப்படி இறங்கியது: "2003-லயே கட்டாயமாக்கிட்டாங்க. தொட்டி கட்டினாங்க, தூர் வாரல. மூணாவது இயல், பராமரிப்புப் பகுதியில சேர்க்கணும்." கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து, கட்டுரையை மூடிவிட்டு, இந்த அட்டையை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் எழுதினேன். மூல ஆசிரியரின் வாக்கிய அமைப்பு ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது பெரிய வசதி, தயங்காமல் பயன்படுத்துங்கள்.

பயிற்சிகளும் உண்டு. சைக்கிள் ஹெல்மெட் பற்றிய பத்தியை மட்டுமாவது செய்து பாருங்கள். மூலம் சாவு எண்ணிக்கையில் தொடங்கி, நான்கில் மூன்று பங்கு தலைக்காயத்தால் என்று சொல்லி, கடைசியில்தான் ஹெல்மெட்டுக்கு வருகிறது. அவர்கள் தரும் மாதிரி விடை ஹெல்மெட்டில் தொடங்குகிறது, நான்கில் மூன்று 75 சதவீதம் ஆகிறது, முடிவில் மூலத்தின் பெயரும் பக்க எண்ணும் நிற்கின்றன. வாக்கியத்தைப் புரட்டிப் போடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெளிவாகப் புரிந்த இடம் இதுதான்.

குறை இல்லாமல் இல்லை. நாம் எழுதியதைப் பார்த்துச் சரி, தப்பு சொல்ல ஆள் கிடையாது. ஆய்வு முறை இயலில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் வரிகளை என்ன செய்வது என்பதற்கும் அந்தப் பாடத்தில் பதில் இல்லை. அதற்கு நெறியாளரைத்தான் கேட்க வேண்டும்.

போன வாரம் ஜூனியர் ஒருத்தி, காப்பி கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேரில் தன் இயலைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, சாஃப்ட்வேர்ல எட்டு பர்சன்ட்தான் காட்டுது, அப்போ ஓகேதானே?" என்றாள். கடையில் காசு கொடுத்து அந்தச் சதவீதத்தைக் 'குறைத்து' வாங்கிய இயல் அது. சொற்கள் எல்லாம் மாறியிருந்தன, ஒரு பத்திக்குக்கூட மூலம் குறிப்பிடவில்லை. யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில், பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை என்பது உண்மை. அதைத் தாண்டி 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் சாஃப்ட்வேர் பார்ப்பது ஒத்துப்போகும் சொற்களைத்தான். யாருடைய கருத்து என்று சொன்னோமா என்பதை அது எப்படிப் பார்க்கும்? அவளுக்கு மூலத்தை எழுதச் சொல்லும் அந்த ஆறாவது படியைக் காட்டினேன். இப்போது ஒவ்வொரு பத்திக்கும் மூலக் கட்டுரையைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

முதலாண்டில் இருப்பவர்கள் இப்போதே தொடங்கிவிடுங்கள். இலக்கிய மீளாய்வை, அதாவது முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் பகுதியை, எழுதி முடித்தபின் இந்தப் பாடத்துக்கு வந்தால் வேலை இரட்டிப்பாகும். ஏபிஏ எனும் மேற்கோள் முறையில் மூலம் காட்ட வேண்டியவர்களுக்கு அதே தளத்தில் தனிப் பகுதி இருக்கிறது, அதையும் சேர்த்தே படித்துவிடுங்கள்.