மக்கிட்டா 1900பி பிளேனர்: பழைய தேக்குக் கதவோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் கைக்கு முதலில் வந்து சேர்வது டிரில்லிங் மிஷின், அடுத்து கட்டிங் மிஷின். மூன்றாவதாக என்ன வாங்கலாம் என்று கேட்டால் மரத்தைச் சீவி இழைக்கும் பிளேனர்தான் என்பேன், அதிலும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு வரை போய், இடித்த வீட்டுக் கதவும் நிலையுமாகப் பர்மா தேக்கை வாங்கி வந்தவர்கள் என்றால் தயங்கவே வேண்டாம். நானும் அப்படி வாங்கி வந்த கதவுகளைக் கும்பகோணத்து வீட்டு நிலைகளில் பொருத்த வேண்டியிருந்தது. அதற்காக எடுத்ததுதான் மக்கிட்டா 1900பி.

580 வாட் மோட்டார், 82 மி.மீ. அகல பிளேடு, ஒரு முறை ஓட்டினால் (ஒரு ஓட்டுக்கு) அதிகபட்சம் 1 மி.மீ. ஆழம், எடை இரண்டரைக் கிலோ. இதைவிட ஆழமாக, 2 மி.மீ., 3 மி.மீ. சீவும் மிஷின்களும் இருக்கின்றன, கடையில் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். வீட்டு வேலைக்கு அந்த ஆழம் தேவையே இல்லை. கதவு ஓரத்தில் 1 மி.மீ. என்பதே பெரிய சமாசாரம், ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் முன்பக்கக் குமிழை நான் அரை மி.மீ. தாண்டித் திருப்புவது அபூர்வம். எடை குறைவு என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த முதல் விஷயம். கதவைக் கழற்றாமல் நின்ற நிலையிலேயே பக்கவாட்டில் பிடித்து ஓட்ட வேண்டிய சந்தர்ப்பம் வரும், அப்போது அரைக் கிலோ கூடினாலும் மணிக்கட்டு சொல்லிவிடும்.

ஓட்டும் வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிளேனர் போட்ட மரத்தில் அலை அலையாகக் கோடு விழுகிறது என்று குறை சொல்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் வேகமாகத் தள்ளுகிறவர்கள்தான். இதன் உருளை நிமிடத்துக்கு 16,000 சுற்று, அதில் பிளேடு இரண்டு, ஆக நிமிடத்துக்கு 32,000 வெட்டு. நிமிடத்துக்கு 3 மீட்டர் என்ற கணக்கில் நிதானமாகத் தள்ளினால் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே 0.1 மி.மீ.கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. அதையே 9 மீட்டர் வேகத்தில் இழுத்துக்கொண்டு ஓடினால் இடைவெளி மூன்று மடங்கு ஆகிவிடும். ஏழடிக் கதவின் முழு நீளத்துக்கு முக்கால் நிமிடம் போலக் கொடுங்கள், சத்தம் ஒரே சீராக வரும். சத்தம் தொண்டையைக் கட்டிக்கொண்டு இறங்கினால் ஆழம் அதிகம் அல்லது பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

பிளேடு மழுங்குவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேக்கு மரத்துக்குள்ளேயே சிலிக்கா இருக்கிறது, அதாவது மணலில் இருக்கிற அதே பொருள். அதனால்தான் தேக்கை இழைக்கும் ஆசாரி அடிக்கடி கையை நிறுத்திவிட்டு உளியைக் கல்லில் தீட்டுவார். ஸ்டீல் பிளேடு போட்டால் உங்களுக்கும் அதே கதிதான். இரண்டு பக்கமும் முனை உள்ள, ஸ்டீலைவிடக் கடினமான கார்பைடு பிளேடு கிடைக்கிறது, ஒரு பக்கம் போனால் திருப்பிப் போடலாம். தேக்குக்கு அது வைத்துக்கொள்வதே சரி, விலையைப் பார்க்க வேண்டாம். ஆனால் கார்பைடுக்கு ஒரு எதிரி இருக்கிறது: ஆணி. பழைய கதவில் தலை உடைந்து உள்ளேயே நின்ற ஆணி, கொக்கி மாட்டிய திருகின் மிச்சம் எல்லாம் இருக்கும். கார்பைடு நொறுங்கும், நல்ல அடி விழுந்தால் உள்ளே இருக்கிற பெல்ட்டும் போகும். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்றை நூலில் கட்டி மரத்தின் மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், ஆணி இருக்கும் இடத்தில் நூல் சாய்ந்து காட்டிக்கொடுக்கும். ஒரு கதவுக்கு ஐந்து நிமிட வேலை.

அப்புறம் பெயின்ட். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் அடித்த பெயின்டில் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஐம்பது அறுபது வருடக் கதவில் பச்சையும் நீலமுமாக ஏழெட்டு அடுக்கு இருக்கும். அதை நேரே பிளேனரில் போட்டால் தூள் வீடு முழுக்கப் பறக்கும், குழந்தைகள் நடமாடும் வீட்டில் அந்த வேலையே கூடாது. முதலில் பெயின்ட் ரிமூவர் தடவி ஈரத்தோடு சுரண்டி எடுங்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு. தேக்குத் தூளே சிலருக்கு மூக்கையும் தோலையும் பதம் பார்க்கும்.

இனி மழைக்காலக் கதவுக்கு வருகிறேன், பிளேனர் வாங்குகிறவர்களில் பலர் அதற்காகத்தான் வாங்குகிறார்கள். ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்ததும் கதவு நிலையைப் பிடிக்கும், தோளால் இடித்துத் தள்ள வேண்டியிருக்கும். உடனே மிஷினை எடுத்துச் சீவிவிடுவார்கள், மாசி பங்குனியில் பார்த்தால் கதவுக்கும் நிலைக்கும் நடுவே பென்சில் நுழையும். மரம் நீளவாக்கில் அசையவே அசையாது என்று சொல்லலாம், குறுக்குவாட்டில்தான் ஈரத்துக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். தேக்கு அதில் அடக்கமான மரம், மற்ற உள்ளூர் மரங்கள் பலவற்றில் இந்த ஆட்டம் இன்னும் அதிகமாக இருக்கும். ஆகவே மழையில் பிடிக்கிற கதவைப் பொங்கல் தாண்டிக் காயவிட்டு, அப்போதும் பிடித்தால் மட்டும் கை வையுங்கள்.

கை வைக்கும் முன் மேல் கீலைப் பாருங்கள். எங்கள் ஆசாரி கதவைக் கையால் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, மரம் ஊதலை, கீல் தொங்குது, மிஷினை உள்ள வைங்க” என்றார். மேல் கீலின் திருகு ஓட்டை பெருத்துப்போனால் கதவு முன்பக்கம் சரியும், பூட்டுப் பக்க மேல் மூலை நிலையில் உரசும், கீழே தரையைத் தட்டும். மூங்கில் சீவல் ஒன்றைப் பசை தடவி ஓட்டையில் அடித்து, காய்ந்ததும் திருகைத் திரும்ப ஏற்றினால் கதவு நிமிர்ந்துவிடும். அவர் அன்று செய்தது அவ்வளவுதான், ஒரு சீவல்கூடக் கீழே விழவில்லை.

அதற்கப்புறமும் பிடிக்கிறதா, சரி. உரசும் இடத்தில் கார்பன் பேப்பரை வைத்துக் கதவைச் சாத்தித் திறந்தால் எங்கே தொடுகிறது என்று கறையாகப் பதியும். கழற்றிச் சாய்த்து வைத்து, சீவ வேண்டிய ஓரத்தில் பென்சிலால் குறுக்கே வளைந்து வளைந்து கோடு போடுங்கள். ஒரு ஓட்டு ஓட்டியதும் எங்கே கோடு அழிந்தது, எங்கே மிச்சம் இருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். தொடங்கும்போது முன் கையில் அழுத்தம், முடிக்கும்போது பின் கையில் அழுத்தம், இது கைக்கு வராதவரை இரண்டு முனையிலும் குழி விழுந்துகொண்டே இருக்கும். கதவின் தலைப்பக்கத்தையோ அடிப்பக்கத்தையோ சீவுவதானால் இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி ஓட்டுங்கள், ஒரே பக்கமாக ஓட்டினால் நிற்கும் சட்டத்தின் முனை சிராயாகப் பெயர்ந்து வரும். பூட்டுப் பக்க ஓரத்தை, சாத்தும்போது நிலைக்குள் முதலில் நுழையும் முனை கொஞ்சம் உள்வாங்கி இருக்கும்படி லேசாகச் சாய்த்துச் சீவினால் கதவு சத்தமில்லாமல் உட்காரும். சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி போதும். சீவிய இடத்துக்கும், யாரும் கண்டுகொள்ளாத அடிப்பக்கத்துக்கும் அன்றைக்கே வார்னிஷோ பெயின்டோ அடித்துவிட வேண்டும், ஈரம் உள்ளே ஏறுவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

பிளஷ் டோர், அதாவது இரு பக்கமும் பிளைவுட் ஒட்டிய தட்டைக் கதவு வைத்திருப்பவர்கள் கவனம். ஓரத்தில் ஒட்டியிருக்கும் மரப்பட்டி மெல்லியது, நாலைந்து ஓட்டு கூடப் போனால் பட்டி தீர்ந்து உள்ளே இருக்கும் கட்டை தெரிய ஆரம்பிக்கும்.

குறைகளும் உண்டு. சத்தம் காதைப் பிளக்கும், பஞ்சு வைக்காமல் ஓட்டாதீர்கள். சீவல் சேர்க்கும் பையைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது, பை இல்லாமல் உள்ளறையில் ஓட்டினால் பெருக்கி மாளாது. சுவிட்சை விட்ட பிறகும் உருளை சில நொடி சுற்றிக்கொண்டே இருக்கும், அது நிற்கும்வரை கீழே வைக்கக் கூடாது, கையில் துண்டு மரத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டவே கூடாது. அகலப் பலகையைச் சமன் செய்யவும் இது ஒத்துவராது, 82 மி.மீ.க்கு ஒரு கோடு விழுந்து பாத்தி பாத்தியாகத் தெரியும். நார் மாறி மாறி ஓடும் இடத்தில் பிய்த்தெடுக்கும். கடைசி இரண்டு ஓட்டுக்கு நான் இன்றும் ஆசாரியிடம் வாங்கிய கை இழைப்புளியைத்தான் எடுக்கிறேன், தீட்டி வைத்திருந்தால் அது விட்டுச்செல்லும் வழவழப்பு இந்த மிஷினில் வராது.

ஒரே ஒரு கதவு பிடிக்கிறது என்பவர்கள் இதை வாங்க வேண்டாம், ஆசாரியைக் கூப்பிட்டு அரை நாள் கூலி கொடுப்பது மேல். நாலு கதவுக்கு மேல், அல்லது பழைய உத்தரத்தைச் சீவி அலமாரிச் சட்டம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். வாங்கும்போதே பெல்ட் ஒன்றும் கார்பைடு பிளேடு ஒரு செட்டும் சேர்த்து வாங்குங்கள், பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.