கர்ட்டா, டெர்ஸா? ஒரு அப்ரைசல் சொல்லின் கனம்

பெங்களூரு மாரத்தஹள்ளி ஆபீசில் எங்கள் டீமுக்கு வந்து ஒரு வருஷமான திருநெல்வேலிப் பெண் அவள். போன வாரம் அப்ரைசலைத் திறந்துவைத்துக்கொண்டு, "அக்கா, கர்ட்னு போட்டிருக்காங்க. நான் யாரையும் மரியாதையில்லாமப் பேசலையே?" என்றாள். குரல் கம்மிப்போயிருந்தது. அவளுடைய சாட்டைப் படித்துப் பார்த்தேன். 'டன்.' 'டுமாரோ.' 'சென்ட் லாக்ஸ்.' எல்லாம் இந்த அளவுதான். கேட்ட வேலை ஒவ்வொன்றும் முடிந்திருந்தது.

கர்ட் (curt) லேசான சொல் இல்லை. அதன் லத்தீன் வேரான கர்டஸ், வெட்டிக் குறைத்ததைக் குறிக்கும். பதில் சின்னதாக இருந்தால் மட்டும் போதாது, அதில் ஒரு கடுப்பும் தெரிய வேண்டும். நாம் 'வெடுக்குன்னு சொல்லிட்டா' என்போமே, அதுதான்.

சுருக்கமான பேச்சுக்கு இன்னொரு ஆங்கிலச் சொல் டெர்ஸ் (terse). அதன் லத்தீன் வேர் டெர்சஸ். துடைத்துச் சுத்தமாக்கியது என்று பொருள். ஆங்கிலத்தில் முதலில் மெருகான நடையைப் பாராட்டத்தான் வந்தது, பிறகுதான் சொற்சிக்கனத்துக்குப் போனது. 649ஆம் குறள் 'மாசற்ற சிலசொல்' என்கிறது. அங்கேயும் அழுக்கு போன பிறகு மிஞ்சுவதுதான் சொல்! எனக்கு இந்தப் பொருத்தம் ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கு டெர்ஸிலும் கொஞ்சம் இறுக்கம் தொனிக்கிறது, உண்மைதான். ஆனாலும் அது வாக்கியத்தைப் பற்றிய பேச்சு. கர்ட் என்று எழுதினால் ஆளைப் பற்றிய புகார்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளும் சொற்கள் இன்னும் உண்டு. பிரஸ்க் (brusque) என்பது அவசரத்தில் வரும் முரட்டுத்தனம். புளிப்பான, கரகரப்பான என்று பொருள்படும் இத்தாலியச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. காலை ஒன்பது மணிக்கு சில்க் போர்டில் பஸ் ஏறினால் கண்டக்டர், "முந்தே ஹோக்ரி, முந்தே ஹோக்ரி" (முன்னால போங்க) என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே நம் தோளுக்கு மேலாக டிக்கெட்டை நீட்டுவார். முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் அந்த 'ரி'யில் மரியாதை இருக்கிறது. நம்மேல் அவருக்கு என்ன கோபம்? பின்னால் இன்னும் நாற்பது பேர் நிற்கிறார்கள்.

ப்ளன்ட்டுக்கும் (blunt) நீளத்துக்கும் சம்பந்தமே கிடையாது. பூசி மெழுகாமல் அரைமணி நேரம்கூடப் பேசலாம்.

லகோனிக் (laconic), பழைய கிரேக்க நகரமான ஸ்பார்ட்டா இருந்த லகோனியா என்ற ஊர்ப்பகுதியின் பெயரிலிருந்து வந்தது. 'நான் உள்ளே வந்தால் உங்களை அழித்துவிடுவேன்' என்று மாசிடோனிய அரசர் பிலிப் மிரட்டியதற்கு, ஸ்பார்ட்டாக்காரர்களிடமிருந்து 'வந்தால்' என்று மட்டும் பதில் போனதாகக் கதை. அலட்டிக்கொள்ளாத சுருக்கம் அது. ஆபீஸ் சாட்டுக்கு இவ்வளவு பெரிய சொல் வேண்டாம்.

அவளுக்குப் பொருந்துவது டெர்ஸ்தான். கேட்டவருக்கு அந்த 'டுமாரோ' போதவில்லை என்றால், அதை அப்படியே சொல்லியிருக்கலாம். என் பங்குக் கருத்தில் நான் எழுதியது: 'பதில்கள் டெர்ஸ், தெளிவு. நாளை எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்தால் காத்திருப்பவருக்கு உதவும்.'