ஃபேமிலிசர்ச்: அமெரிக்கக் கொடிவழி தேட முதலில் திறக்க வேண்டிய தளம்

அமெரிக்காவில் வேர்விட்ட குடும்பத்தின் கொடிவழியைத் தேடுகிறீர்களா? கட்டணத் தளங்களுக்குப் பணம் கட்டுமுன் ஃபேமிலிசர்ச்சைத் துருவிப் பாருங்கள். மார்மன் சபை நடத்தும் தளம். எந்த மதத்தவருக்கும் கணக்கு இலவசம்.

இதன் பலம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள்தான். பெயர் விவரங்கள் 72 ஆண்டு கழித்தே வெளியாகும் என்பதால் இப்போதைக்குக் கடைசி ஏடு 1950. அங்கே தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். 1940 ஏட்டில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் வட்டமிட்ட பெருக்கல் குறி இருந்தால் விவரம் சொன்னவர் அவர்தான். எந்த வயதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அதுவே துப்பு. 1900 ஏடு பொக்கிஷம்: பிறந்த மாதம், ஆண்டு, மணமாகி எத்தனை ஆண்டு, தாய் பெற்றது எத்தனை, உயிரோடிருப்பது எத்தனை என எல்லாம் உண்டு. பெற்றது ஆறு, இருப்பது நான்கு என்றால் இரண்டு இறப்புப் பதிவுகளைத் தேட வேண்டும். 1880-க்கு முன் உறவுமுறை எழுதப்படவில்லை. 1850-க்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே. மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. அடிமைப்படுத்தப்பட்டவர்களை 1850, 1860 ஏடுகள் உடைமையாளர் பெயரின்கீழ் வயதும் பாலினமும் நிறமுமாகவே பதிந்தன. கறுப்பினக் குடும்பங்கள் பல 1870-இல்தான் முதன்முதலாகப் பெயரோடு தெரிகின்றன. அந்தச் சுவரைத் தாண்ட உயில்களும் சொத்துப் பத்திரங்களும் வேண்டும்.

1890 ஏட்டின் பெரும்பகுதி 1921 தீவிபத்தில் சேதமாகிப் பின்னர் அழிக்கப்பட்டுவிட்டது. 1880-க்கும் 1900-க்கும் நடுவே விழும் 20 ஆண்டு இடைவெளியை நியூயார்க் 1892, கான்சாஸ் 1895 போன்ற மாநிலக் கணக்கெடுப்புகளாலும் நகர முகவரி ஏடுகளாலும் நிரப்பலாம்.

பெயர் கிடைக்கவில்லை என்றால் ஆள் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். பழைய கையெழுத்தில் ஆங்கில எல் எழுத்தும் எஸ் எழுத்தும் ஒன்றுபோல இருக்கும். அட்டவணையில் தப்பாக ஏறியிருக்கும். ஓரெழுத்துக்குக் கேள்விக்குறி, பல எழுத்துக்கு நட்சத்திரக்குறி போட்டுத் தேடுங்கள். அதுவும் தோற்றால் குடும்பப் பெயரையே விட்டுவிட்டு முதற்பெயர், பிறந்த ஆண்டு, கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) மட்டும் கொடுங்கள். கிடைத்ததும் மூலப் படத்தைத் திறந்து முன்னும் பின்னும் பத்து வீடுகளைப் படியுங்கள். மாமனார் வீடு பல சமயம் அங்கேயே இருக்கும். சில படங்கள் ஃபேமிலிசர்ச் மையங்களிலோ இணைந்த நூலகங்களிலோ மட்டுமே திறக்கும்.

குடும்ப மரப் பகுதி பலவீனமானது. உலகுக்கே ஒரே மரம், யாரும் திருத்தலாம். ஒரே பெயருள்ள இருவரை ஒருவராக இணைத்துவிடுகிறார்கள். ஆதாரம் இணைக்காத எதையும் எடுக்காதீர்கள்.

இந்தத் தளத்தின் மின்னூலகத்தில் உள்ள பழைய கவுண்டி வரலாறுகளில் வாழ்க்கைக் குறிப்புகள் உண்டு. பெரும்பாலும் அந்த நூலுக்குச் சந்தா கட்டியவர்களைப் பற்றியவை என்பதால் புகழ்ச்சியைத் தள்ளிவிட்டுத் தாயின் பிறந்தவீட்டுப் பெயரையும் பூர்வீக ஊரையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்தித்தாள்களுக்கு இந்தத் தளம் போதாது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இலவசச் சேவையான கிரானிக்ளிங் அமெரிக்காவுக்குப் போங்கள். மணமான பெண்ணைக் கணவர் பெயரில், 'திருமதி ஜான் ஸ்மித்' என்பதுபோலத் தேட வேண்டும். மேரி ஸ்மித் என்று தேடினால் இரங்கல் செய்திகூடக் கண்ணில் படாமல் போகும்.

படத்தைச் சேமிக்கும்போதே மாநிலம், கவுண்டி, கணக்கெடுப்பு வட்டம், தாள் எண், வரி எண் ஐந்தையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.